சிப்பின் தலையெழுத்து

பழைய கம்ப்யூட்டர் பிராசசர் ஒன்றின் முதுகில் மூன்று முதல் ஐந்து வரிகள் வரை எழுத்துகள் இருக்கும். தயாரிப்பாளரின் சின்னம், மாடல் எண், அதன் முன்னும் பின்னும் ஒட்டிய ஓரிரு எழுத்துகள், தேதிக் குறி, லாட் எண், சில சமயம் ஒரு காப்புரிமை வரி. திருப்பிப் போட்டால் வயிற்றுப் பக்கத்தில் ஒரு நாட்டின் பெயர். ஒரே மாடல் எண் கொண்ட இரண்டு சிப்புகளில் ஒன்று பழைய சாமான் கடையில் எடை போட்டு விற்கப்படும். இன்னொன்றுக்காகச் சேகரிப்பாளர்கள் ஏலத்தில் முட்டி மோதுவார்கள். இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த வரிகளில் உள்ள ஓர் எழுத்து அல்லது ஓர் எண்தான்.

இந்த எழுத்துகளில் ஒன்றுகூடச் சேகரிப்பாளருக்காக எழுதப்பட்டதில்லை. மாடல் எண் வாங்குகிற பொறியாளருக்கு. லாட் எண் தொழிற்சாலைக்கு. காப்புரிமை வரி வக்கீலுக்கு. பிழை திருத்தியதைச் சொல்லும் முத்திரை பழுது பார்ப்பவருக்கு. ஆகவே ஒவ்வொரு வரியையும் அது யாருக்காக அச்சிடப்பட்டதோ அவருடைய கண்ணால் படிக்க வேண்டும். வெவ்வேறு ஆட்களுக்காக எழுதிய இந்த வரிகள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஒரே கதையைச் சொன்னால் சிப் அசல் என்று கொள்ளலாம். ஒரு வரி இடறினால் சந்தேகம் அங்கே தொடங்குகிறது.

முதலில் உடல்

எழுத்தைப் படிக்கும் முன் உடலைப் பார்ப்பது முறை. இன்டெல் 1971 நவம்பரில் அறிவித்த 4004 இதற்கு நல்ல பாடம். ஜப்பானின் புசிகாம் நிறுவனத்தின் மேசைக் கால்குலேட்டருக்காக ஃபெடரிகோ ஃபாஜின், டெட் ஹாஃப், ஸ்டான்லி மேசர், மசாடோஷி ஷிமா ஆகியோர் உருவாக்கியது அது. 2,300 டிரான்சிஸ்டர்கள், 16 கால்கள். சேகரிப்பாளர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் இந்தச் சிப் பல உடல்களில் வந்தது. வெள்ளைச் செராமிக் மேல் தங்க மூடி போட்டது ஒன்று. கருஞ்சாம்பல் நிறச் செராமிக் தகடுகள் இரண்டைக் கண்ணாடியை உருக்கி ஒட்டிய செர்டிப் இன்னொன்று. கறுப்புப் பிளாஸ்டிக் மூன்றாவது.

உடலும் எழுத்தும் சேருமிடம் மாடல் எண்ணின் முதலெழுத்து. தங்க மூடிச் செராமிக் என்றால் சி4004. செர்டிப் என்றால் டி4004. பிளாஸ்டிக் என்றால் பி4004. பிளாஸ்டிக் உடலின் மேல் சி என்ற எழுத்து இருந்தால் அதற்கு மேல் எதையும் ஆராய வேண்டியதில்லை.

வெள்ளைச் செராமிக்கிலும் உட்பிரிவு உண்டு. மிகப் பழைய வகையில் கால்களிலிருந்து நடுவிலுள்ள சிலிக்கானுக்குப் போகும் உலோகப் பாதைகள் செராமிக்கின் ஊடே சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரியும். பிறகு வந்தவற்றில் வெண்மை மட்டுமே. சாம்பல் கோடு உள்ள சி4004தான் இந்தத் துறையின் மாணிக்கம். இந்த வேறுபாட்டைச் சொல்ல எந்த எழுத்தும் அச்சிடப்படவில்லை. கண்தான் கண்டுகொள்ள வேண்டும். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனமும் ஐ.என்.எஸ்.4004 என்ற பெயரில் இதே சிப்பைத் தயாரித்தது. எண் ஒன்றுதான் என்றாலும் சேகரிப்பில் அதற்குத் தனி இடம்.

சிலிக்கானின் மீதே ஓர் எழுத்து இருக்கிறது. ஓவியர்கள் கையெழுத்திடுவதைப் போல ஃபாஜின் தன் பெயரின் முதலெழுத்துகளான இரண்டு எஃப்களை 4004-இன் வரைபடத்தில் சேர்த்துவிட்டார். அதைப் பார்க்க வேண்டுமானால் தங்க மூடியைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்தால் சிப்பின் மதிப்பு போய்விடும். வேறு காரணத்தால் ஏற்கெனவே மூடி போன சிப்புகளில்தான் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முன்னெழுத்தும் பின்னெழுத்தும்

கால்கள் கூடக் கூட உடல் வகைகளும் பெருகின. 1982-இல் வந்த 80286-இல் ஏ என்றால் அடியில் ஊசிக் கால்கள் வரிசையாக நிற்கும் சதுரச் செராமிக். ஆர் என்றால் கால்களே இல்லாமல் ஓரங்களில் தங்கத் தொடுமுனைகள் மட்டும் கொண்ட செராமிக். என் என்றால் நான்கு பக்கமும் உள்நோக்கி மடிந்த கால்களுடைய பிளாஸ்டிக். எல்லாவற்றுக்கும் முன்னால் எம் என்ற எழுத்து நின்றால் அது ராணுவத் தரம்: உறைநிலைக்குக் கீழே 55 டிகிரியிலிருந்து 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று உறுதி அளிக்கப்பட்டது. சாதாரணச் சிப்புக்கு 0 முதல் 70 வரைதான்.

இன்டெல்லின் இலக்கணத்தை மற்ற நிறுவனங்களுக்குப் பொருத்திப் பார்ப்பது ஆரம்பநிலைச் சேகரிப்பாளர் செய்யும் முதல் தவறு. மோட்டரோலா உடல் வகையை எண்ணுக்குப் பின்னால் எழுதியது. எம்.சி.68000எல் என்பதில் கடைசி எல் செராமிக்கைக் குறிக்கும். அந்த இடத்தில் பி இருந்தால் பிளாஸ்டிக். தொடக்கத்திலுள்ள சி என்ற எழுத்துக்கும் செராமிக்குக்கும் அங்கே சம்பந்தமில்லை.

பின்னெழுத்துகள் இன்னும் குழப்பமானவை. 1978 ஜூனில் வந்த 8086-இன் அடிப்படை வேகம் 5 மெகாஹெர்ட்ஸ். அதன் பின்னால் கோடு போட்டு 2 என்று எழுதியிருந்தால் 8 மெகாஹெர்ட்ஸ். 1 என்று எழுதியிருந்தால் 10. எண் இறங்கினால் வேகம் ஏறும். 80286 காலத்தில்தான் இந்தக் கூத்து முடிந்து, 8 என்றால் 8 மெகாஹெர்ட்ஸ், 12 என்றால் 12 என்று நேரடியாக எழுதத் தொடங்கினார்கள்.

ஸைலாக் நிறுவனத்தின் இஸட்80-இல் பின்னெழுத்து எதுவும் இல்லாவிட்டால் 2.5 மெகாஹெர்ட்ஸ், ஏ என்றால் 4, பி என்றால் 6. அதே ஏ என்ற எழுத்து இன்டெல் 8080-க்குப் பின்னால் வந்தால் பொருள் முழுக்க வேறு. 1974-இல் வெளியான முதல் 8080, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் துணைச் சிப்புகளை மட்டுமே ஓட்டக்கூடியதாக இருந்தது, வழக்கமான டி.டி.எல். வகைத் துணைச் சிப்புகளை ஓட்ட அதற்குத் திராணி இல்லை. அந்தக் குறையைச் சரிசெய்ததுதான் 8080ஏ. சீக்கிரமே மாற்றப்பட்டதால் ஏ இல்லாத சி8080 அரிதாகிவிட்டது. ஊதாச் செராமிக்கும் தங்க மூடியுமாகக் காண்பதற்கு அழகான சி8080ஏ ஓரளவு கிடைக்கிறது. அழகு குறைந்தாலும் ஏ இல்லாததற்கே மவுசு.

இன்டெல் 1988-இல் 386எஸ்.எக்ஸ். என்ற மலிவு மாடலைக் கொண்டுவந்த பிறகுதான் பழைய 386-க்கு டி.எக்ஸ். என்ற வால் முளைத்தது. எனவே வெறுமனே ஏ80386 என்று மட்டும் எழுதியிருப்பது முந்தைய தலைமுறை. 1991-இல் வந்த 486எஸ்.எக்ஸ்., கணிதப் பகுதி செயலிழக்கச் செய்யப்பட்ட 486. அதற்குத் துணையாக விற்ற 487எஸ்.எக்ஸ். என்பதோ ஒரு கால் கூடுதலாக உள்ள முழுமையான 486டி.எக்ஸ்.தான். அதைச் செருகியதும் பழைய சிப் ஓய்வெடுத்துக்கொள்ளும். முதுகில் உள்ள எண் எப்போதும் உள்ளே இருப்பதைத்தான் சொல்கிறது என்று நம்புகிறவர்களுக்கு இது நல்ல எச்சரிக்கை.

தேதி என்னும் வழுக்குப் பாறை

நான்கு இலக்கத் தேதிக் குறியில் முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம் என்பது பொது வழக்கம். 7832 என்றால் 1978-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். சிக்கல் என்னவென்றால் மாடல் எண்களும் நான்கு இலக்கம்தான். 8080, 8086 போன்றவற்றைத் தேதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வழியில்லை. ஓர் ஆண்டில் 53 வாரத்துக்கு மேல் கிடையாது. ஆனால் 6502 என்பது 1965-இன் இரண்டாவது வாரம் போலவே தோற்றமளிக்கும்.

அந்த 6502-ஐத் தயாரித்த எம்.ஓ.எஸ். டெக்னாலஜி இன்னொரு வழுக்கலையும் விட்டுச் சென்றிருக்கிறது. அதன் சிப்புகளில் வாரம் முன்னாலும் ஆண்டு பின்னாலும் வருவது உண்டு. 4585 என்றால் 1985-இன் 45-ஆவது வாரம். இரண்டு பாதியும் 53-க்கு உட்பட்டதாக இருந்திருந்தால் திண்டாட்டம்தான். நல்ல வேளையாக இந்தச் சிப்புகளின் ஆண்டுகள் எல்லாம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அடங்கிவிடுவதால் எந்தப் பாதி ஆண்டு என்பது தானே தெரிந்துவிடும்.

6502-இல் தேதி வெறும் வயதுக் கணக்கோடு நிற்பதில்லை. 1975-இல் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்து மலிவு விலையால் தொழிலையே உலுக்கிய இந்தச் சிப்பின் முதல் பதிப்புகளில், எண்ணின் பிட்டுகளை வலப்புறம் சுழற்றும் ஆர்.ஓ.ஆர். என்ற கட்டளை இல்லை. 1976-இன் நடுப்பகுதியில்தான் அது சேர்க்கப்பட்டது. மாடல் எண்ணில் எந்த மாற்றமும் செய்யவில்லை. எனவே வெள்ளைச் செராமிக் உடலில் 1975-ஆம் ஆண்டுத் தேதியுடன் வரும் எம்.சி.எஸ்.6502-ஐ ஒரு கட்டளை குறைந்த பிள்ளையாகவே சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

இன்டெல்லின் பிற்காலச் சிப்புகளில் தேதி லாட் எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. முதல் எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும். எல் என்றால் மலேசியா. அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண். அதற்கடுத்த இரண்டும் வாரம். எல்526 என்று தொடங்கினால் மலேசியாவில் ஐந்தில் முடியும் ஓர் ஆண்டின் 26-ஆவது வாரம். அது 1985-ஆ 1995-ஆ என்பதை லாட் எண் சொல்லாது. பென்டியம் சிப்பில் இருந்தால் 1985 ஆக வாய்ப்பில்லை என்று மற்ற வரிகள் சொல்லிவிடும்.

வயிற்றுப் பக்கத்தில் காணும் மலேசியா, பிலிப்பீன்ஸ் போன்ற பெயர்கள் சிலிக்கானின் பிறந்த ஊரைச் சொல்வதில்லை. பெரும்பாலும் அமெரிக்காவில் உருவான சிலிக்கானைத் துண்டாக்கி, உடலில் பொதிந்து, சோதிக்கும் வேலை அங்கே நடந்தது. இன்டெல் 1972-இலேயே பினாங்கில் இதற்கான தொழிற்சாலையைத் திறந்துவிட்டது. பிற்கால ஏ.எம்.டி. சிப்புகள் சில சிலிக்கான் உருவான நாட்டையும் பொதிந்த நாட்டையும் தனித்தனியே அச்சிட்டு இந்தக் குழப்பத்தைத் தீர்த்தன.

வக்கீலுக்காக எழுதிய வரி

வட்டத்துக்குள் சி, பக்கத்தில் இன்டெல் என்ற பெயர், 1978 என்ற ஆண்டு. 8086, 8088 சிப்புகளில் அடிக்கடி தென்படும் இந்த வரியை உற்பத்தி ஆண்டு என்று எண்ணி விற்பவர்களும் வாங்குபவர்களும் ஏராளம். அது வடிவமைப்பு பதிவான ஆண்டு. 1984-இல் அச்சான சிப்பிலும் 1978 இருக்கும்.

உரிமம் பெற்றுத் தயாரித்த மற்ற நிறுவனங்களின் சிப்புகளிலும் இதே வரி வரும். அந்தக் காலத்தில் பெரிய வாடிக்கையாளர்கள் ஒரே ஒரு நிறுவனத்தை நம்பி இயந்திரம் வடிவமைக்க மாட்டார்கள். இரண்டாவது விற்பனையாளர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் 1982-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்த வழக்கத்தின் விளைவு. அதனால் ஏ.எம்.டி. சின்னமும் இன்டெல்லின் காப்புரிமை வரியும் ஒரே முதுகில் சேர்ந்திருக்கும் 8088-களும் 80286-களும் நிறையக் கிடைக்கின்றன. 386-ஐ ஏ.எம்.டி.க்குக் கொடுப்பதில்லை என்று இன்டெல் முடிவெடுத்த பிறகு அந்தக் கூட்டுக் குடும்பம் பிரிந்தது. ஏ.எம்.டி. தன் சொந்த 386-ஐ வெளியிட 1991 ஆயிற்று.

இந்தச் சிறு வரி ஒருமுறை வழக்கின் போக்கையே மாற்றியிருக்கிறது. ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் 1984-இல் வி20, வி30 என்ற பிராசசர்களைக் கொண்டுவந்தது. 8088 இருந்த சாக்கெட்டில் வி20-ஐ அப்படியே செருகலாம்; வேகமும் சற்று அதிகம். பிராசசருக்குள் கட்டளைகளை நடத்தும் மைக்ரோகோடைத் திருடிவிட்டதாக இன்டெல் குற்றம்சாட்டியது. வழக்கு கலிபோர்னியாவில் நடந்தது. நீதிபதி வில்லியம் கிரே 1989 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார்: மைக்ரோகோடுக்குக் காப்புரிமை உண்டு, என்.இ.சி. அதை மீறவில்லை, அதற்கும் மேலாக, 8086, 8088 மைக்ரோகோடின் காப்புரிமையை இன்டெல் ஏற்கெனவே இழந்துவிட்டது. கடைசி அம்சத்துக்குச் சொன்ன காரணம்தான் சேகரிப்பாளர்களுக்கு அல்வா. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தயாரித்த ஏராளமான சிப்புகளில் அந்தக் காப்புரிமை வரி அச்சிடப்படவில்லை. அச்சிட வைக்க இன்டெல் போதிய அக்கறை காட்டவில்லை.

இந்திய நாணயங்களில் மும்பைக்கு வைரக் குறி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், கல்கத்தாவுக்குக் குறியே கிடையாது என்பதை நாணயம் சேர்ப்பவர்கள் அறிவார்கள். குறி இல்லாததும் ஒரு குறிதான். காப்புரிமை வரி இல்லாத 8088-ஐக் கையில் எடுக்கும்போதும் அப்படித்தான்.

அமெரிக்கா 1984-இல் சிப் வரைபடங்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அதன் விளைவாக வட்டத்துக்குள் எம் என்ற புதுக் குறி பிறந்தது. 486-இல் இன்டெல் பெயருக்குப் பக்கத்தில் வட்ட எம், வட்ட சி, 89 என்று வரிசையாக நிற்பதைக் காணலாம். போலியைப் பிடிக்க இது கைகொடுக்கும்: 1980-ஆம் ஆண்டுத் தேதி போட்ட சிப்பில் வட்ட எம் இருந்தால் அச்சிட்டவருக்குச் சட்ட வரலாறு தெரியவில்லை என்று பொருள்.

பிழை தந்த முத்திரைகள்

சேகரிப்பில் மிகச் சுவையான பகுதி, தயாரிப்பாளர்கள் வெட்கப்பட்டு அச்சிட்ட குறிகள். இவற்றில் மூன்று தலைமுறைகளைப் பார்க்கலாம்.

முதலாவது 8088. ஐ.பி.எம். 1981 ஆகஸ்டில் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரின் இதயம் அது. நிரல் திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்துவைக்கும் ஸ்டாக் என்ற பகுதியின் முகவரி, பிராசசருக்குள் இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்றை மாற்றி மற்றொன்றை மாற்றுவதற்குள் வெளியிலிருந்து ஓர் இன்டரப்ட் குறுக்கிட்டால், திரும்ப வேண்டிய இடம் தவறான முகவரியில் எழுதப்பட்டு எல்லாம் குழம்பிவிடும். அந்த நொடியில் குறுக்கீட்டைத் தடுத்து நிறுத்த ஆரம்பகால 8088-க்குத் தெரியவில்லை. திருத்திய சிப்பில் காப்புரிமை வரியில் 78-க்குப் பக்கத்தில் 81 என்றும் சேர்த்தார்கள். வெறும் 78 என்றால் பழைய பிழை உள்ளே இருக்கிறது. வக்கீலுக்காக எழுதிய வரி இங்கே பழுது பார்ப்பவருக்கும் பயன்பட்டுவிட்டது.

இரண்டாவது 386. 1985 அக்டோபரில் அறிமுகமான இந்தச் சிப் கடைகளிலும் அலுவலகங்களிலும் பரவிய பிறகு, 1987-இல் ஒரு கோளாறு வெளிப்பட்டது. வெப்பம், மின்னழுத்தம், வேகம் மூன்றும் குறிப்பிட்ட விதமாகச் சேர்ந்தால் 32 பிட் பெருக்கலில் சில சிப்புகள் தவறான விடை தந்தன. எல்லாச் சிப்புகளுக்கும் இந்த நோய் இல்லை என்பதே பெரிய தலைவலி. இன்டெல் ஒவ்வொன்றாகச் சோதித்தது. தேறியவற்றின் முதுகில் கிரேக்க எழுத்தான சிக்மாவை இரண்டு முறை அடித்தது. தேறாதவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. 16 பிட் மென்பொருளுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு விற்றது. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த டாஸ் நிரல்கள் பெரும்பாலும் 16 பிட்தான் என்பதால் அதற்கும் ஆள் இருந்தது. ஆக, 16 மெகாஹெர்ட்ஸ் 386-இல் மட்டும் மூன்று வகை: குறியே இல்லாத சோதனைக்கு முந்தையது, இரட்டைச் சிக்மா, தோற்றுப்போனது. தொழிலுக்கு வேண்டியது இரட்டைச் சிக்மா. சேகரிப்பில் பரீட்சையில் தோற்றதற்குத்தான் முதல் மரியாதை.

மூன்றாவது 1993 மார்ச்சில் வந்த பென்டியம். வர்ஜீனியாவின் லின்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி 1994-இல் பகா எண்களைப் பற்றிய கணக்கில் விடை பிசகுவதைக் கவனித்து, அலசி, குற்றவாளி பிராசசரே என்று உறுதி செய்தார். வகுத்தலுக்கு உதவும் அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 என வர வேண்டும். பிழையுள்ள பென்டியம் 1.33374 என்றது. கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாக டிசம்பரில் இன்டெல் அறிவித்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

இந்தப் பிழைக்குத் தனி முத்திரை எதுவும் அடிக்கப்படவில்லை. எஸ்-ஸ்பெக் எனப்படும் ஐந்தெழுத்துக் குறியைத்தான் நம்ப வேண்டும். 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் எஸ்எக்ஸ்837 என்று இருந்தால் அது பிழையுள்ள சிப். தங்கத் தகடு பதித்த அந்தக் கனத்த செராமிக் சதுரத்தில் இன்டெல்லின் வேக மதிப்பீடான ஐகாம்ப் எண் 567-உம் அச்சாகியிருக்கும். குறி தேய்ந்திருந்தாலும் வழி இருக்கிறது: மேலே சொன்ன வகுத்தல் கணக்கைக் கொடுத்தால் சிப்பே ஒப்புக்கொள்ளும். அதற்குப் பழைய மதர்போர்டு ஒன்று உயிரோடு இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

அடுத்த தலைமுறைப் பென்டியங்களில் எஸ்-ஸ்பெக் எண்ணுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு மூன்று எழுத்துகள் வரும். முதலாவது மின்னழுத்தம், இரண்டாவது நேரக் கணக்கு, மூன்றாவது இரட்டைப் பிராசசர் இயந்திரத்துக்குச் சோதிக்கப்பட்டதா என்பது. மூன்றும் எஸ் என்றால் எல்லாம் வழக்கப்படி. கடைசி எழுத்து யு என்றால் ஜோடி சேர்க்கச் சோதிக்கப்படவில்லை.

விற்பனைக்கு வராதவையும் வேறு பெயரில் வந்தவையும்

மோட்டரோலாவில் எக்ஸ்.சி. என்று தொடங்கினால் முழுத் தகுதிச் சோதனை முடியாத ஆரம்பச் சிப்; முடிந்த பின் எம்.சி. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் மூன்று படி வைத்திருந்தது: டி.எம்.எக்ஸ். பரிசோதனை, டி.எம்.பி. முன்மாதிரி, டி.எம்.எஸ். விற்பனைச் சரக்கு. இன்டெல்லில் எஸ்-ஸ்பெக் இருக்க வேண்டிய இடத்தில் க்யூ என்ற எழுத்தும் நான்கு இலக்கமும் இருந்தால் பொறியியல் மாதிரி. சிலவற்றில் ரகசியம் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருக்கும். ரகசியம் என்று எழுதிய பொருள் சந்தைக்கு வந்தால் விலை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெரிய வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்த எண்ணை அச்சிடச் சொல்லி வாங்கியதும் உண்டு. ஹியூலெட்-பேக்கர்ட் இயந்திரங்களில் 1820 என்று தொடங்கும் எண்களுக்குப் பின்னால் பல நிறுவனங்களின் சிப்புகள் ஒளிந்திருக்கின்றன. அட்டாரி வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி014806 என்ற எண்ணோடு இருப்பது 6502-இன் ஒரு திருத்த வடிவம்தான்.

இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் கதையே வேறு. சோவியத் ஒன்றியம் இன்டெல் 8080ஏ-வைப் பார்த்து உருவாக்கிய சிப் முதலில் கே580ஐகே80 என்றும் பிறகு கேஆர்580விஎம்80ஏ என்றும் பெயர் பெற்றது. விஎம் என்பது அங்கே பிராசசர் வகைக்கான குறி. 80 மட்டும் மூலத்தை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. கேஆர் என்றால் பிளாஸ்டிக், கேஎம் என்றால் செராமிக். ராணுவம் சோதித்து ஏற்றுக்கொண்ட சரக்கில் சாய்சதுர முத்திரை இருக்கும். சோவியத் சிப்புகளின் கால்களுக்கு இடையிலான தூரம் 2.5 மில்லிமீட்டர், மேற்கத்திய அளவு 2.54. நாற்பது கால் சிப்பில் இந்த இம்மி வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து சாக்கெட்டில் இடக்குப் பண்ணும். ஏற்றுமதிக்குச் செய்தவற்றில் மட்டும் மேற்கத்திய அளவை வைத்து, பெயருக்கு முன்னால் ரஷ்ய எழுத்தான எ-வைச் சேர்த்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் செய்த யு880, இஸட்80-இன் நகல்.

நகலெடுப்பவர்களுக்கு அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் தன் சிவாக்ஸ் பிராசசரின் சிலிக்கான் மீதே ரஷ்ய மொழியில் ஒரு கேலி வாசகத்தைப் பொறித்து வைத்தது. திருடுவதாயிருந்தால் சிறந்ததையே திருடுங்கள் என்ற ரீதியில். நுண்ணோக்கியில் பார்த்து நகலெடுக்க வருகிறவர் மட்டுமே படிக்கக்கூடிய எழுத்து அது.

போலியின் கைவரிசை

போலிகள் இரண்டு வகை. பழையவை தொண்ணூறுகளில் பிறந்தவை: குறைந்த வேகச் சிப்பின் எழுத்தைச் சுரண்டி அதிக வேகத்தை அச்சிட்டு விற்றார்கள். புதியவை சேகரிப்பாளரையே குறிவைப்பவை. 1994-இல் வந்த மோட்டரோலா 68060 இதற்குப் பலியாடு. முழுமையான எம்.சி. வகையில் கணிதப் பகுதியும் நினைவக மேலாண்மைப் பகுதியும் உண்டு, எல்.சி.யில் கணிதப் பகுதி இல்லை, இ.சி.யில் இரண்டுமே இல்லை. அமிகா கம்ப்யூட்டர் ரசிகர்கள் முழுச் சிப்பை, அதுவும் அதிக வேகம் தாங்கும் 71இ41ஜே என்ற கடைசித் திருத்தத்தை வலைவீசித் தேடுவதால், மலிவான எல்.சி.யும் இ.சி.யும் புது முகம் போட்டுக்கொண்டு வருகின்றன.

பிளாஸ்டிக் சிப்பின் மேற்பரப்பைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு பூசி, மேலே புது எழுத்தை அச்சிடுவது வழக்கமான முறை. முதல் காலைக் காட்டும் சிறு குழி அச்சில் வார்த்தது. தேய்த்தால் அதன் ஆழம் குறையும், பூச்சு உள்ளே தேங்கும். முதுகின் சொரசொரப்பும் விளிம்பின் சொரசொரப்பும் ஒத்துப்போகாது. அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஓரத்தில் துடைத்தால் பூச்சு கரைந்து வரும். ஆனால் எழுபதுகளின் அசல் மை எழுத்தும் அதே அசிட்டோனில் அழியக்கூடியது. எனவே எழுத்து இருக்கும் இடத்தில் பஞ்சை வைப்பவர் போலியைப் பிடிக்கப் போய் அசலைக் கொல்லக்கூடும்.

கால்களும் பேசும். பழைய சிப்புகள் சிலவற்றின் வெள்ளி பூசிய கால்கள் நாளடைவில் கறுக்கும். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதைப் போலத்தான். ஐம்பது வயதுச் சிப்பின் கால்கள் புது ஈயம் பூசிப் பளபளத்தால் அது பலகையிலிருந்து பிடுங்கிச் சீர் செய்ததாக இருக்க வேண்டும். பிடுங்கிய சிப் போலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பயன்படுத்தாத பழைய சரக்கு என்று சொல்லி விற்றால்தான் அது ஏமாற்று.

ஒரே விற்பனையாளரிடம் பத்துச் சிப்புகள் ஒரே லாட் எண்ணோடு, ஆனால் வயிற்றுப் பக்கத்தில் மூன்று வெவ்வேறு நாட்டுப் பெயர்களோடு இருந்தால் பணப்பையை மூடிவிடலாம். ஒரு லாட் ஓரிடத்தில் பொதிந்ததாகத்தான் இருக்கும்.

எழுத்தைக் காப்பது

போலிகளைவிட அதிகமாகச் சிப்புகளை அழித்தது தங்கம்தான். தங்க மூடிச் செராமிக்குகளும் 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவும் தங்கம் பிரித்தெடுப்பவர்களுக்கு மிகப் பிடித்தவை. குவியலில் கிடக்கும் ஒரு சி8080-இன் பின்னால் ஏ இருக்கிறதா இல்லையா என்று அமிலத் தொட்டி பார்ப்பதில்லை.

தப்பிப் பிழைத்ததைப் பாதுகாப்பதில் இரண்டு எதிரிகள். ஒன்று நிலை மின்சாரம். உலர்ந்த நாளில் விரல் பட்டாலே பழைய சிப்புகள் செத்துவிடக்கூடும், எழுத்து மட்டும் மிஞ்சும். அதற்காக மின்கடத்தும் ஸ்பாஞ்சில் குத்தி வைக்கும் வழக்கம் வந்தது. இரண்டாவது எதிரி அந்த ஸ்பாஞ்சேதான். பல ஆண்டுகள் கழித்து அது நொறுங்கி, பிசுபிசுத்து, கால்களை அரிக்கிறது. எனவே ஸ்பாஞ்சை அவ்வப்போது புதிதாக மாற்ற வேண்டும், அல்லது நிலை மின்சாரம் தங்காத பிளாஸ்டிக் குழாயில் போட வேண்டும். குழாயில் முதுகு உரசினால் மை தேயும் என்பதால், வைக்கும் முன்பே முதுகையும் வயிற்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒவ்வொரு வரியையும் உள்ளது உள்ளபடி குறித்து வைப்பது நல்ல சேகரிப்பாளர்களின் வழக்கம்.